மூன்றாம் தெருவின் புதுப் பெயர்

மூன்றாம் தெருவுக்கு ஒரு நல்ல பெயர் வைப்பதென்று ஊர் வரலாற்றுக் குழு முடிவெடுத்தபோது அக்காவை யாரும் கேட்கவில்லை, தம்பியிடம்தான் சொன்னார்கள். அவன் தலைகால் புரியாமல் ஓடிவந்தான்.

"அப்பா பேருதான்க்கா! கடைசி வண்டிக்காரர் தெரு. ஊரே அவரை அப்படித்தானே கூப்பிட்டுது?"

அப்பாவுக்குப் பகலில் மரக்கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம், எடுத்துப்போக ஆளோ வண்டியோ கிடைக்காத பிணங்களைத் தன் தள்ளுவண்டியில் ஏற்றி இடுகாட்டில் சேர்ப்பார். அதற்கென்று யாரிடமும் கைநீட்டியதில்லை. அவர் போய் ஐந்து மாதமாகிறது. அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, அக்காவின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் பெயரைப் பார்த்தாலாவது உள்ளே ஏதாவது அசையுமோ என்று ஒரு நப்பாசை மட்டும் இருந்தது.

ஆனால் தெருக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் கூட்டம் போட்டார்கள். குழுத் தலைவர் அப்பாவைப் புகழ்ந்து பேச, எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கையோடு மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"தங்கமான மனுஷன். அந்தப் பேய்மழையில எங்க மாமனாரைக் கொண்டுபோனது அவர்தான். அதை மறந்தா எனக்குச் சோறு இறங்காது. ஆனா பாருங்க, நாளைக்கு மக கல்யாணப் பத்திரிகையில முகவரி போடணுமே. கடைசி வண்டிக்காரர் தெருன்னு போட்டா நல்லாவா இருக்கும்?"

"மாப்பிள்ளை முதல் வண்டியைப் பிடிச்சு ஓடிடுவான்!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். கூடம் முழுக்கச் சிரிப்பு. மாடிவீட்டு அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "தூக்கறப்ப அந்தக் கை இனிச்சுது. பேரு மட்டும் கசக்குதா?"

"உட்காருப்பா. மூத்தவங்க உங்க அக்கா இருக்காங்க, அவங்க சொல்லட்டும்," என்றார் தலைவர்.

அக்கா எழுந்தாள். கோபம் வருமென்று அவளே எதிர்பார்த்தாள், வரவில்லை. வேறொன்றுதான் ஞாபகம் வந்தது. வண்டிச் சத்தம் கேட்டால், நோயாளி படுத்திருக்கும் வீடுகளில் ஜன்னலைச் சாத்துவார்கள். அதைக் கவனித்த நாளிலிருந்து அப்பா இந்தத் தெரு வழியாக வண்டியை உருட்டியதே இல்லை. காலி வண்டியானாலும் சுற்றிக்கொண்டு சாக்கடையோரச் சந்து வழியாகத்தான் வீட்டுக்கு வருவார்.

"தெருவுக்கு வேண்டாம்," என்றாள். "பின்னால இருக்கிற சந்துக்கு வைங்க. அப்பா அந்த வழியாத்தான் வண்டியைக் கொண்டுபோவார்."

"அடடா, பெரிய மனசும்மா உனக்கு!" என்றார் மருந்துக்கடைக்காரர். அந்தச் சந்தில் ஒரு வீட்டுக்கும் வாசல் கிடையாது. அதனால் ஒருவருக்கும் ஆட்சேபணை கிடையாது. அதற்குள் டீ வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அக்கா நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கினாள். தம்பி வாசற்படியில் நின்றான்.

"அந்தச் சந்துல யாருக்கா போறா? நாய்கூட எட்டிப் பார்க்காது. இப்படி விட்டுக்கொடுத்துட்டியே."

"ஆமா."

"அவ்வளவு பேரும் சிரிச்சாங்க. நீயும் பார்த்தே. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவள் நின்று யோசித்தாள். பூட்டிய வீட்டுக்குள் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் தனக்குள்ளே பார்த்தாள்.

"கால் வலிக்குதுடா," என்றாள்.

அவன் உள்ளே வந்தான். அவள் கையிலிருந்த நாற்காலியைப் பிடுங்கி, விரித்துப் போட்டான்.

"உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். மீதி நாற்காலிகளை அவன் படீர் படீரென்று மடக்க ஆரம்பித்தான்.