ஏற்றிவிட்ட கண்ணாடி

...இல்லை, சென்சாராகத்தான் இருக்கும், சென்சார் என்றால் பயமில்லை, கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டினால் முடிந்தது, என்று சைமன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையை அடைத்துக்கொண்டு அசையாமல் நிற்க, அவனுடைய பழைய பெட்ரோல் மினி லாரியின் டேஷ்போர்டில் இஞ்சின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. போன வாரம்தானே பழைய சாமான் கடையில் வாங்கிய ஆக்சிஜன் சென்சாரை மாட்டினான்? இரண்டு நாள் அணைந்திருந்தது, இப்போது பார், பல்லை இளித்துக்கொண்டு... பக்கத்தில் அவன் மனைவி ஜூடி தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள், ஏழாம் மாத வயிற்றின் மேல் இரண்டு கையும். ராயபுரத்தில் துணிக்கடை வேலை முடிந்து வண்டியில் ஏறினால் தினமும் இப்படித்தான், தலை வலிக்குது என்பாள், திருவொற்றியூர் வருவதற்குள் கண் சொருகிவிடும். பிள்ளைத்தாய்ச்சி, களைப்பு இருக்காதா...

மெக்கானிக் ஹுமாயூன் அன்றைக்கே சொன்னான். புகைக்குழாயில் முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று, நடுவில் கன்வெர்ட்டர், புகையிலிருக்கும் விஷத்தை எரித்து அனுப்புகிற டப்பா. முன்னால் இருப்பது ஏறி இறங்கித்தான் காட்டும், பின்னால் இருப்பது ஆடாமல் நிற்க வேண்டும். "உன்துல பின்னாடி கீறதும் கூட சேந்து ஆடுது மாமு. சென்சார் போயிருக்கலாம், இல்லாங்காட்டி டப்பாவே செத்துப்போச்சு. உள்ள அடச்சிக்கினா புகை எங்கியாச்சும் பிச்சிக்கினு வரும். உன் வண்டில இஞ்சின் சீட்டுக்கு அடில கீது, பாத்துக்கோ. ஒரு நாள் வுட்டுட்டுப் போ." ஒரு நாளா? ஐஸ் லோடு இருக்கிற நாளில் வண்டியை விட்டுவிட்டு அவன் என்ன, கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? "முட்ட அழுவுன மாறி நாத்தம் வந்துச்சா?" என்று கேட்டான் ஹுமாயூன். சைமன் சிரித்துவிட்டான். கம்பெனிகளுக்கு நடுவில் கிடக்கிற நெட்டுக்குப்பத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? அங்கே வராத நாற்றம் எது, அதில் எதை என்று சொல்வது? பிறந்ததிலிருந்து பழக்கம், நாற்றம் வந்தால் கம்பெனி நாற்றம், வீடானாலும் வண்டியானாலும் எல்லாவற்றையும் இறுக்கி மூடு, ஈரத்துணியை மூக்கில் வை, அவ்வளவுதான்.

இப்போதும் அதே நாற்றம், கண்ணாடியை ஏற்றித்தான் வைத்திருக்கிறான். ஆனால் வண்டி நிற்க நிற்க அதிகமாகிறதே, ஏன்? அவனுக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. தூரத்தில் கம்பெனிப் புகைபோக்கியைப் பார்த்தான், புகை அவர்களை விட்டு விலகி வடக்கே போய்க்கொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கமே இல்லையே... லாரிகளுக்கு நடுவில் சுண்டல் விற்கிற பெண் மூக்கைப் பொத்தாமல் நிதானமாகப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான், டீசல், மீன், உப்புக்காற்று. உள்ளே இழுத்தான், அழுகிய முட்டை. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே, பைத்தியக்காரன் மாதிரி. மாதாவே... இஞ்சினை அணைத்தான், அந்தப் பக்கம் ஓடிக் கதவைத் திறந்தான். "ஜூடி! ஏமே, எந்திரிமே!" முதலில் அவள் அசையவில்லை, அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் அவன் செத்துப் பிழைத்தான். பிறகு முனகினாள். "இன்னாயா... கதவ மூடு, கம்பெனி நாத்தம் அடிக்குது."

கம்பெனி இல்லை, சீட்டுக்கு அடியிலிருந்து வருகிற நம் வண்டிப் புகை என்று எந்த வாயால் சொல்வது? தினமும் சாயங்காலம் அவனேதான் கைபிடித்து ஏற்றி உட்கார வைத்தான், அவனேதான் துளி இடைவெளி இல்லாமல் கண்ணாடியை ஏற்றினான், பாசம் என்று நினைத்துக்கொண்டு. அவளை இறக்கிக் கடல் பக்கத்துக் கல்லின் மேல் உட்கார வைத்தான். முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது, பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. "வண்டிய எடுய்யா, கத்திக்கினு கீறானுங்க," என்றாள். அவன் எதிரே குந்தினான்.

"பாப்பா கடசியா எப்ப அசஞ்சிச்சு?"

"ஏன் இப்டிக் கேக்குற? மத்தியானம்... மத்தியானம் அசஞ்சிச்சுன்னு நெனக்கிறேன்." அவள் கையை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். "இரு," என்றாள், கையை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.