இரண்டு நிமிட நடுக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உலகத்தில் இரண்டே இரண்டு பெருமைகள். ஒன்று மனைவி. மற்றொன்று, அவரைவிட நாலைந்து வயதே இளைய அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இதில் எது முதல், எது இரண்டாவது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனிதர் திருதிருவென்று விழித்திருப்பார்.

காருக்கு ஒரே ஒரு குணக்கேடு. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த இஞ்சினைக் காலையில் கிளப்பினால், காய்ச்சல் வந்த ஆள் மாதிரி வெடவெடவென்று நடுங்கும். இருமும், புகையைக் கக்கும், சில நாள் அணைந்தே போகும். கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கிளப்பி, இரண்டு நிமிடம் சூடாக விட்டால் போதும், அப்புறம் அதைப் போலச் சமர்த்து கிடையாது. "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று அவர் ஏதோ பட்டம் வாங்கினதுபோலச் சொல்லிக்கொள்வார். பார்த்த மெக்கானிக்குகளும் அதையே சொன்னதால், அதற்குமேல் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

மனைவி கணக்கு டீச்சர். இப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"வலி எடுக்குற அன்னைக்கு இது நடுங்கிக்கிட்டு நின்னா நான் என்ன பண்றது? ஷெட்டுலயே பெத்துக்கவா? இதை வித்துட்டு, சாவியைத் திருப்பினா கிளம்புற மாதிரி ஒண்ணு வாங்குங்க."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க வழியே இல்லை. அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விளம்பரம் கொடுத்தார். ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாக போன் செய்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் தம்பி. நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியைக் கிளப்பாதீங்க. குளிர்ந்த இஞ்சின்தான் உண்மையைப் பேசும்."

போனை வைத்த கடைக்காரருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்த நடுக்கத்தைப் பார்த்தால் மனிதர் தலைதெறிக்க ஓடிவிடுவார். மனைவி பேச்சைக் கேட்டதாகவும் இருக்கும், வண்டியும் கையை விட்டுப் போகாது.

ஆனால் அவருக்கு ஒரு மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன், அடுத்த தெருக்காரர், உதவி செய்தே மனிதர்களைப் பாடாய்ப் படுத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரர் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஷெட் காலி. ஆணியில் மாட்டியிருந்த சாவியும் இல்லை. திக்கென்று வாசலுக்கு ஓடினார். தெருமுனையில் திரும்பி, கார் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. மச்சான் வெற்றி வீரராக இறங்கினார்.

"நாலு ரவுண்டு அடிச்சு நல்லா சூடேத்திட்டேன் மாப்பிள்ளை. இனிமே அவரு கப்பலே ஓட்டியிருந்தாலும் நடுக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது!"

"ஐயோ மச்சான், குடியைக் கெடுத்தீங்களே!"

அதற்குள் கப்பல் இன்ஜினியர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சுடுதே. எதை மறைக்கறீங்க தம்பி?"

கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கார் அவரிடமே தங்கியிருக்கும். ஆனால் பவர் துளி மாறினாலும் கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுக்கிற மனிதர் அவர். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

"ஒண்ணும் மறைக்கல சார். காலையில இது நடுங்கும், இருமும், நின்னும் போகும். நாளைக்குக் காலையில வாங்க. அதுவரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. நீங்களே பாருங்க."

மச்சானிடமிருந்து சாவியைப் பிடுங்கி, அன்றிரவு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.

மறுநாள் காலை கார் என்றுமில்லாத திருநாளாக நடுங்கியது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். இன்ஜினியர் பானெட்டைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு உள்ளே கையை விட்டு, ஓரமாகக் கிடந்த ஒரு ரப்பர் குழாயை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் சட்டென்று நின்றது. விரலை எடுத்தார், நடுங்கியது. மறுபடி பிடித்தார், நின்றது.

"குழாய்ல விரிசல். அது வழியா காத்து உள்ள போகுது. சூடானப்புறம் இஞ்சின் எப்படியோ சமாளிச்சுக்கும், குளிர்ல முடியாது. எத்தனை நாளா இப்படி?"

"வருஷக்கணக்கா" என்றார் கடைக்காரர், ஈனஸ்வரத்தில். ஒரு முழ ரப்பரின் கோளாறை வண்டியின் சுபாவம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதை நினைக்க, வெட்கம் பிடுங்கித் தின்றது. பாவம், அது இத்தனை நாளும் உடம்பு சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"எனக்கு வண்டி பிடிச்சிருக்கு. குழாயை நானே மாத்திக்கறேன். இன்னைக்கே எடுத்துட்டுப் போகட்டுமா?"

சாவியை நீட்டப் போன கடைக்காரரின் கை பாதியிலேயே நின்றது. பேசியது மனைவிதான்.

"குழாயை மாத்தினா, சாவியைத் திருப்பின உடனே கிளம்புமா சார்?"

"எந்தக் குளிரா இருந்தாலும் கிளம்பும்மா."

"அப்போ குழந்தை பொறந்தப்புறம் வந்து எடுத்துக்கோங்க."

கடைக்காரர் வாயைப் பிளந்தார். "இதுல ரெண்டு சீட்டுதானே இருக்கு?"

"போகும்போது ரெண்டு பேர்தானே? வரும்போதுதானே மூணு பேர். அதுக்கு அண்ணன் வண்டி இருக்கு."

கணக்கு சரியாக இருந்தது. இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்து ஒத்துக்கொண்டார். எப்படியும் தன்னிடம் வரப்போகிற வண்டிதானே என்று அந்த வாரமே தானே வந்து குழாயை மாற்றிக் கொடுத்தார்.

குழந்தை, பார்த்துப் பார்த்து நல்ல குளிராக ஒரு விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தது. கடைக்காரர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, மனைவியை ஏற்றி, சாவியைத் திருப்பினார். ஒரு இருமல் இல்லை, புகை இல்லை. இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவரால் கியர் போட முடியவில்லை. கை வெடவெடவென்று ஆடியது.

மனைவி பல்லைக் கடித்து வலியை அடக்கிக்கொண்டு, அந்தக் கையை எட்டி இறுக்கிப் பிடித்தாள்.

"பதறாதீங்க. ரெண்டு நிமிஷம் சூடாகிட்டுக் கிளம்புங்க. நான் பொறுத்துக்கறேன்."

இரண்டு நிமிடம் தேவைப்படவில்லை.