தூங்கிய குவெரி

வெள்ளிக்கிழமை நண்பகல். ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். சுரபாயா ஆஸ்பத்திரியின் கணினி அறையில் நான் மட்டும். கீழே மருந்தகத்திலிருந்து இபு லஸ்த்ரி போன் செய்தார்; இந்தோனேசியாவில் மூத்த பெண்களை ‘இபு’, அம்மா, என்றுதான் அழைப்போம்.

“ரேத்னோ, திரை உறைஞ்சு போச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல மருந்து கேட்டு உயிரை எடுக்கிறாங்க. உங்க மெஷினும் தொழுகைக்குப் போயிருச்சா?”

நிர்வாகக் கருவியைத் திறந்தேன். டேட்டாபேஸுக்குள் நடப்பதை அது வரிவரியாகக் காட்டும். ஒவ்வொரு வரியும் ஒரு குவெரி, யாரோ கேட்ட கேள்வி. வரியைத் தொட்டு ‘கில்’ அழுத்தினால் செத்துவிடும். நீண்ட நேரமாக ஓடியவற்றைக் கொன்றேன். அதைவிட அதிகமாக முளைத்தன. பொறுமையிழந்த நர்ஸுகள் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் எல்லாரும் ஏமாறும் இடம் இது. ஓடுவதுபோல் தெரிபவை வாசலில் காத்திருப்பவைதான். கதவைப் பூட்டியவன் பட்டியலின் அடியில், ‘தூக்கம்’ என்ற நிலையில் சத்தமில்லாமல் கிடப்பான். தேடினேன். சக ஊழியன் சுகெங்கின் இணைப்பு. நோயாளிகள் அட்டவணையைப் பூட்டி ஒரு திருத்தம் செய்தவன், அதை உறுதிசெய்யாமலே மசூதிக்குப் போய்விட்டான்.

கொல்லுமுன் அவன் கடைசியாக எழுதியதைப் படித்தேன். விரல் நின்றது. ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் இங்கே ஏராளம். ஒரு சுபார்த்திக்கு பெனிசிலின் ஆகாது என்ற எச்சரிக்கை வேறொரு சுபார்த்தியின் பெயரில் ஏறியிருந்தது. சுகெங் அதைச் சரியான சுபார்த்திக்கு மாற்றியிருந்தான். கொன்றால் உறுதிசெய்யாத திருத்தம் அழிந்து, பழைய பிழை திரும்பிவிடும். கொல்லாவிட்டால் ஆஸ்பத்திரி முழுக்க ஒரு மாத்திரை நகராது.

சுகெங்கை அழைத்தேன். அவன் போன் எதிர் மேசையில் அதிர்ந்தது.

“இபு, தியேட்டர்ல சுபார்த்தின்னு யாராவது?”

“அவங்களுக்குத்தான் இந்த அவசரமே.”

“எந்த சுபார்த்தி?”

“சுபார்த்தின்னா சுபார்த்திதான். அவங்கப்பன் ரெண்டாவது பேரு வைக்கலையே.”

“பூட்டைத் திறக்கிறேன். அவங்க மருந்தை மட்டும் நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்க.”

“சரிம்மா, முதல்ல திற.”

அழுத்தினேன். வரிகள் மளமளவென்று மறைந்தன. தியேட்டர் பட்டியலில் சுபார்த்தியின் எண்ணைப் பார்த்தேன். சுகெங் எச்சரிக்கையை மாற்றிய அதே எண்; பெனிசிலின் ஆகாதவள். அவள் பதிவில் இப்போது எச்சரிக்கை எதுவும் இல்லை.

“இபு, அது பெனிசிலினா இருந்தா நிறுத்துங்க.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

“ரேத்னோ, நீ திறந்ததும் வந்த முதல் சீட்டே அவங்க பெனிசிலின்தான். நான் உன்கிட்ட பேசிட்டிருக்கும்போதே கவுன்டர்ல இருந்தவ மருந்தைத் தியேட்டருக்குப் போற காத்துக்குழாய்ல போட்டு அனுப்பிட்டா.”

தியேட்டர் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே எல்லார் கையிலும் ரப்பர் கையுறை; போனைத் தொட யாருமில்லை.