சோப்பு வைத்த கல்

கண்ணாடி மாதிரி மின்னிய கல்லை மேசையில் வைத்துவிட்டு, கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவள் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய சாணையிலேயே தேய்த்து முடித்திருக்கிறார். கணக்கு வாத்தியாருக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது.

"எப்படி?" என்றார். "இதோட பேரை மட்டும் சொல்லு. ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்குச் சீட்டு எழுதணும்."

அவள் கட்டைவிரலால் கல்லின் சுருளைத் தடவினாள். ஆற்றுமேட்டிலும் கல்குவாரியிலும் பொறுக்கியதைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் அவளிடம்தான் வருவார்கள். சங்கு போலச் சுருண்டு கல்லாகிப்போன ஆதிகாலக் கடலுயிரி, அம்மோனைட், எதுவானாலும், கண்ணை மூடிக்கொண்டு வரிகளைத் தடவியே இன்னது என்று சொல்லிவிடுவாள். பெயர் தெரிந்த பிறகுதான் சாணையைத் தொடுவாள். இந்தக் கல்லில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு வரிகூட மிச்சமில்லை.

"பேரையே தேய்ச்சுட்டீங்க," என்றாள்.

தேய்த்ததில் வெளிவந்த, இலை விளிம்பு போல நெளிந்த உள்கோடுகள் அம்மோனைட்டின் குடும்பத்தைத்தான் காட்டின, அதில் எந்த ஆள் என்று காட்டவில்லை. ஏதாவது ஒரு பெயரைப் போடேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது. குத்துமதிப்பாகப் பெயர் வைப்பதற்கு அவள் எதற்கு?

"வரி எங்கேயும் போயிடல. என் தம்பி வீட்ல இருக்கு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவரும் அவள் தம்பியும் சேர்ந்து ஆற்றுமேட்டில் எடுத்த உருண்டைக் கல் அது. ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் அம்மோனைட் முழுசாக உட்கார்ந்திருந்தது. மறு பாதியில் அதன் வெறும் அச்சு, பள்ளமாக. முதலில் பார்த்தது நான்தான் என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். சுத்தியல் என்னுடையது என்று சொல்லி இவர் அம்மோனைட்டை அமுக்கிக்கொண்டார். எலக்ட்ரீஷியன் தம்பி அச்சை எடுத்துக்கொண்டு போனவன்தான், அதன்பின் இந்த வாசலை மிதிக்கவில்லை. போனில்கூட மச்சான் என்ற சொல் அவன் வாயில் வராது. 'உன் வீட்டுக்காரர்' என்பான். ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு உறுத்தும்.

நீ போய்க் கேட்டால் தருவான், உன் தம்பிதானே என்றார் கணவர். தருவான்தான். அக்கா கேட்டு அவன் இல்லை என்றதில்லை. அதனாலேயே அவள் போகமாட்டாள்.

"தேய்ச்சது நீங்க. போக வேண்டியதும் நீங்கதான்."

அவர் செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் வேறு யாரோ கொண்டுவந்த கல்லை எடுத்து உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்தே வருவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாணையை நிறுத்தினாள்.

இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. தம்பி தன் பாதியை மேசையில் வைத்ததும் கமகமவென்று வாசனை அடித்தது. பள்ளம் வாகாக இருந்ததால் குளியலறையில் சோப்பு வைத்திருந்தானாம்.

அவள் இருவரையும் முறைத்துவிட்டு, பழைய பல்துலக்கியால் சோப்பைக் கழுவி எடுத்தாள். பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணைப் பள்ளத்தில் அழுத்தி, மெதுவாக உரித்தாள். கணவர் தேய்த்துத் தள்ளியதெல்லாம் எழுந்து நின்றது: தடித்த வரிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு குமிழ், குமிழிலிருந்து பிரியும் மெல்லிய வரிகள்.

"ஸ்டெபனோசெரஸ்," என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

தம்பி அவள் பக்கம் மட்டும் திரும்பினான். "அக்கா, இப்ப எது அசல்? அவரோடதா, என்னோடதா?"

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் தொண்டையைச் செருமினார். தப்பை ஒப்புக்கொண்டு பழக்கமில்லாத மனிதர்.

"உன்னோடதுதான்," என்றார். "முதல்ல பார்த்ததும் நீதான்." பிறகு பளபளத்த அம்மோனைட்டை எடுத்து அவன் கையில் வைத்தார். "உன்னோடது கண்காட்சிக்குப் போயிடும். அது திரும்பி வர்ற வரைக்கும் சோப்பு வைக்க இதை வச்சுக்கோ."

தம்பி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான்.

"இதுல சோப்பு நிக்காது மச்சான். வழுக்கிடும்."

அவள் சட்டென்று களிமண்மேல் குனிந்துகொண்டாள். கண் நிறைந்ததை இருவரும் பார்த்துவிட்டால், அதையும் முதலில் பார்த்தது யார் என்று சண்டைக்கு நிற்பார்கள்.