மிக ரகசியக் கோப்பின் இரண்டாம் பக்கம்

செய்யாத குற்றத்துக்கு உளவாளிப் பட்டம் சுமந்து ஓடும் ஒருவனைப் பற்றிய சினிமாவில் எனக்கு வேலை. கதை நடப்பது அறுபது வருஷத்துக்கு முன்பு. அதில் வரும் கடிதங்களையும் கோப்புகளையும் புதுத் தாளில் தட்டச்சு செய்து, டீயில் நனைத்து, வெயிலில் உலர்த்திக் கிழடாக்குவது என் உத்தியோகம். என் தலையையும் அப்படித்தான் பழசாக்கிக்கொண்டேன் என்பாள் மனைவி.

அப்படிச் செய்த "ராணுவப் பாலம் – மிக ரகசியம்" கோப்பைப் பேருந்தில் மறந்துவிட்டேன். நடத்துநர் அதைக் காவல் நிலையத்தில் சேர்த்திருந்தார். நானும் நேரே உள்ளே போய், "சார், ரகசியக் கோப்பு ஒண்ணு தொலைஞ்சுபோச்சு" என்றேன். விலங்குக்குக் கையை நீட்டுவதென்றால் இதுதான்.

சினிமாவுக்காக நான் செய்தது என்று விளக்கினேன். "சினிமான்னு யார் சாட்சி சொல்லுவா?" என்றார் அதிகாரி.

படப்பிடிப்பில் எல்லாருடைய போனும் அணைந்திருந்தது. மனைவியை வரவழைத்தார்கள். நாலு நாளாக என்னோடு பேசாதவள் வந்து, "இவருக்கு உளவு பாக்கற சாமர்த்தியமெல்லாம் கிடையாது சார்" என்றாள். சாட்சிதான், வலித்தது.

"பெண்டாட்டி சாட்சி செல்லாதும்மா. மேலிடத்துக்கு அனுப்பப் போறேன். விசாரணை முடியற வரைக்கும் உள்ளதான்."

அவள் முகம் வெளுத்தது.

அதிகாரி, டீயில் ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்கப் பார்த்தார்.

"ரெண்டாம் பக்கம் வேணாம் சார்!" என்று பதறினேன்.

"அப்படியா சேதி?" என்று அளவுகோலை நுழைத்துப் பிரித்து, உரக்கவே படித்தார்.

"'நான் பண்ண பழைய கடிதங்கள நீ குப்பைன்னு தூக்கிப் போட்டது தப்பில்ல. அதுக்காகக் கத்தினதுதான் தப்பு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல...' என்னய்யா இது?"

கேமராவில் மேல்தாள் மட்டும்தான் தெரியும், அடித் தாள்களில் மனசில் வருவதையெல்லாம் அடிப்பது எங்கள் தொழிலில் வழக்கம் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். அதிலும் அதே மன்னிப்பின் ஆரம்பம். நான்காவதிலும் ஆரம்பம்.

"யோவ், பதினெட்டுப் பக்கமா? ஒரு மன்னிப்பையே ஒழுங்காச் சொல்லத் தெரியல, நீயா ரகசியத்தக் கடத்துவே? கூட்டிட்டுப் போம்மா!"

வீடு திரும்பும் பேருந்தில் மனைவி கோப்பை மடியில் வைத்துப் படித்துக்கொண்டே ஒன்பதாம் பக்கம் வரை வந்துவிட்டாள்.

"குடும்மா, நாளைக்கு ஷூட்டிங்குக்கு வேணும்."

கண்ணைத் துடைத்தபடி மேல் தாளை மட்டும் உருவிக் கொடுத்தாள்.

"இந்தாங்க, உங்க பாலம்."