அச்சில் சேராத சான்றிதழ்

ஆபீசில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் பதினான்கு வருடமாக, எழுத்தில் அனுமதி இல்லாமல் எதையும் யாருக்கும் திறந்துவிட்டதில்லை. சொந்த வீட்டுக் கதவைத் தட்டினால்கூட விண்ணப்பம் கேட்பாள் என்று பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை, திங்கட்கிழமை மதியம், ஒருவரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். அண்ணனுக்காகத்தான் செய்தாள்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவர் எண் 4417. எங்காவது பொருத்தமான ஒன்று கிடைத்தால் உறுப்புப் பதிவகத்தின் கணினியில் அந்தச் செய்தி ஏறும். ஆஸ்பத்திரியின் மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே போய் ‘ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை பதிவகம் தன் சான்றிதழை மாற்றியது. நான்தான் பதிவகம் என்று அது காட்டும் அடையாளச் சீட்டு அது. அதில் கையெழுத்திட்ட நிறுவனம் புதிது. அந்த நிறுவனத்தை ஆஸ்பத்திரியின் மென்பொருள் முன்பின் பார்த்ததில்லை, அதனால் பேச மறுத்துவிட்டது. மூன்று வாரம் முன்பே இதைப் பற்றி மின்னஞ்சல் வந்திருந்தது, வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு.

புதிய நிறுவனத்தை நம்பலாம் என்று சேர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மூன்று கையெழுத்து, இரண்டு நாள். இரண்டு நாளும் அண்ணனின் பட்டியல் காது கேளாமல் கிடக்கலாமா? அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த ‘கன்டெய்னர்’ என்ற தனி அறைக்குள் நேராக நுழைந்து, தன் கையாலேயே சான்றிதழை வைத்தாள். இணைப்பு வந்துவிட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கன்டெய்னர் என்பது லாட்ஜ் அறை மாதிரி. ஆள் மாறியதும் விரிப்பை உருவி, துடைத்து, முன்பிருந்தபடியே ஆக்கிவிடுவார்கள். உள்ளே விட்டுவிட்டு வந்தது எதுவும் மிஞ்சாது. நிலைக்க வேண்டுமென்றால் கன்டெய்னர் எதிலிருந்து பிறக்கிறதோ அந்த அச்சிலேயே வைக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாததா? அதற்கான படிவத்தைத் திங்கட்கிழமையே நிரப்பத் தொடங்கினாள். செவ்வாயன்று பரிசோதனைக்கூடத்துப் பிரிண்டர்கள் மொத்தமாகப் படுத்துக்கொண்டன. புதன் முழுக்க அதிலேயே போயிற்று. படிவம் பாதியிலேயே நின்றது.

வியாழன் காலை எட்டு மணிக்கு, வாராந்திர வழக்கப்படி, அந்தக் கன்டெய்னரை எடுத்துவிட்டுப் புதியது வந்து உட்கார்ந்தது. இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க அவள் எழுதிவைத்திருந்த சோதனை பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. சோதனை ஓடியது அவள் மேசைக் கணினியிலிருந்து. அந்தக் கணினி புதிய சான்றிதழை நம்பியது. கன்டெய்னர் நம்பவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு வேறெதையோ தேடப்போய் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தாள். ஒரே வரி, இருநூற்று இருபது தடவை. ‘சான்றளித்தவரைத் தெரியாது. இணைப்பு மறுக்கப்பட்டது.’ நான்கே நிமிடத்தில் மறுபடி சான்றிதழை வைத்துவிட்டுப் பதிவகத்துக்குப் போன் போட்டாள்.

“காலைல எங்களுக்கு ஏதாவது வந்துச்சுங்களா?”

“ஒண்ணு வந்துச்சு, மேடம். பத்து இருபதுக்குப் போட்டோம். உங்ககிட்டேருந்து பதிலே இல்ல. பதினொண்ணு இருபதுக்கு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துட்டோம்.”

“ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“போன் பண்றதைப் போன வருஷமே நிறுத்திட்டோமே. உங்க ஆஸ்பத்திரியும் கையெழுத்துப் போட்டிருக்கு.”

“யாருக்கு வந்ததுன்னு...”

“பேரு சொல்லக் கூடாதுங்க. பட்டியல் நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழு.”

அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அந்த ஆள் பொறுமையாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டாள். அடுத்த ஆஸ்பத்திரியில் வேறொரு நோயாளியை ஆபரேஷனுக்குத் தயார் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்றார்.

அழுகை வரவில்லை. தன் மேல் அருவருப்புதான் வந்தது. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். அதுகூட வேண்டாம், பாதிப் படிவத்தை முடித்திருந்தால் போதும். ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவள், தன் வீட்டுக் காரியத்தில் அவசரப்பட்டு அண்ணனைக் கவிழ்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்கும் சேர்த்துத் தன்னையே திட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் படியிறங்கினாள்.

அண்ணன் கையில் குழாயோடு படுத்திருந்தார். “என்ன பாப்பா, பேயடிச்ச மாதிரி வர்றே? சாப்பிட்டியா?” நாற்பத்தொரு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொட அவளுக்குத் தெம்பில்லை. “அண்ணா, காலைல உனக்கு ஒரு கிட்னி வந்துச்சு.”

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அப்படி அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. குழாய் இல்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நிஜமாவா? எப்போ ஆபரேஷன்? காலைலேருந்து சாப்பாடே இறங்கலை, நல்லதாப் போச்சு. வெறும் வயித்துல இருக்கணும்னு சொல்வாங்கல்ல?” தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். “இரு, உங்க அண்ணிக்குச் சொல்லிடறேன். நாலு வருஷமா அவ பட்ட பாடு...”

“அண்ணா, இரு. அது...”

“அட, இரு பாப்பா.” போன் மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை ஸ்பீக்கரில் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று இருவருக்கும் நடுவில் நீட்டினார்.

“போயிடுச்சு அண்ணா,” என்றாள் அவள். “என்னாலதான் போச்சு.”

அதற்குள் அண்ணி எடுத்துவிட்டாள். “சொல்லுங்க,” என்றாள். “என்னங்க? சொல்லுங்க.”