ஒப்படைக்காத வாக்கு

மாசியில் மாகாணப் பிரதம மந்திரி சிவசைலம் வாடிப்பட்டிக்கு வந்தபோது, மடைச் சண்டையில் ஜெயிலுக்குப் போன மகன் பேயாண்டிக்காகச் சோலையம்மாள் அவர் காரை மறித்து, மனுவை நீட்டி அழுதாள். "தீபாவளிக்கு உன் மகன் வீட்டில் இருப்பான்" என்று ஊரறிய வாக்குக் கொடுத்தார். ஆனியில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றினார்கள்.

சோலையம்மாள் கலங்கவில்லை. அவள் ஊரில் ஊர்த்தலைவரான அம்பலம் மாறினால், பழையவர் புதியவரைக் கோயில் வாசலில் நிறுத்தி, தான் கொடுத்த வாக்குகளையெல்லாம் சொல்லி ஒப்படைப்பார். வாங்கிக்கொண்டவர் காப்பாற்றியாக வேண்டும். சிவசைலம் இன்று மதுரையில் வண்டி மாறிச் சொந்த ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு வார்த்தை விசாரிக்க ஜங்ஷனுக்கு வந்திருந்தாள்.

ஒரு மாலை இல்லை, ஒரு ஆள் இல்லை. தன் தோல்பெட்டி மேலேயே உட்கார்ந்து, திருநெல்வேலி வண்டிக்குக் காத்திருந்தார் அவர்.

"கும்புடுறேன்யா. என் மகன் சங்கதியப் புது மந்திரிகிட்ட ஒப்படைச்சீகளா?"

அவருக்குப் புரியவில்லை. ஊர் வழக்கத்தை அவள் விளக்கிச் சொன்னாள். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவர் வந்தப்ப நான் அங்க இல்லம்மா. சாவியைக் குமாஸ்தாகிட்ட கொடுத்துட்டு வந்துட்டேன்."

"குமாஸ்தாகிட்டயா? எங்க ஊருல ஆட்டுக்குட்டியக்கூட அப்படிக் கைமாத்த மாட்டாக!"

அவர் தலை குனிந்தது.

"சரி, எந்திரிங்க. மதராசுக்குப் போவோம், நானும் வாரேன். அவுக வாசல்ல நின்னு சொல்லிட்டு, பெறகு ஊருக்குப் போங்க."

ஒரு நொடி அவர் எழுந்துவிடுவார் போலத்தான் இருந்தது.

"நான் சொன்னா உன் மகனுக்குக் கெடுதல்தான் தாயி. என் பேரைக் கேட்டாலே அந்த மனுவத் தூக்கி எறிவாங்க. நீ போனா என்னைப் பார்த்ததா மூச்சு விடாதே."

வண்டி வந்தது. கூலியாள் யாரும் கிட்டே வராததால் பெட்டியின் ஒரு பக்கத்தை அவளே பிடித்து ஏற்றிவிட்டாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க குடுத்த வாக்கு இப்ப யாருகிட்டய்யா இருக்கு?"

"என்கிட்டதான்" என்றார், அவளைப் பார்க்காமல். வண்டி நகர்ந்தது.

கூட்டம் கலைந்தபின் ஒரு போர்ட்டரிடம் போய், மதராஸ் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டாள்.

"அங்க யாரு இருக்காக, ஆத்தா?"

"யாருமில்லப்பா" என்றாள். "வண்டி எங்க நிக்கும், அதச் சொல்லு."